அடுத்த பெட்டிக்கு முத்திரையை நீங்களே வெட்டுங்கள்

கர்க்லாண்டிலும் மொன்றியலின் மேற்குத் தீவிலுள்ள மற்ற ஊர்களிலும் முத்திரைப் பெட்டி தேடி நடக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



இந்தக் கோடை முழுக்க உங்களில் பலர் ஒளித்து வைத்த பெட்டிகளைத் தேடிப் போனேன். குறிப்புகள் அருமை. "ஓடையைத் தாண்டாதே, ஓடை போகும் பக்கம் பார்" என்று எழுதியவருக்குத் தனியாக ஒரு வாழ்த்து. பெட்டியைத் திறந்த பிறகுதான் மனம் சோர்ந்தது. உள்ளே இருந்தவை பெரும்பாலும் கடையில் வாங்கிய முத்திரைகள்: சிரிக்கும் முகம், நட்சத்திரம், பிள்ளைகளின் கொப்பியில் ஆசிரியர் குத்துகிற "மிக நன்று". சிலர் படத்தை அனுப்பி லேசரில் வெட்டுவித்திருந்தார்கள். அதில் ஒரு கோடுகூடப் பிசகவில்லை. ஆனாலும் உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அடுத்த பெட்டிக்கான முத்திரையை நீங்களே கையால் வெட்டுங்கள். முதல் முத்திரை சரிவரவில்லை என்று விட்டவர்கள் இரண்டாவதையும் வெட்டுங்கள். அது எப்படிச் சரிவரும் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் கீழே எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் புகாத சின்னப் பெட்டி ஒன்று. அதற்குள் ஒரு கொப்பி, ஒரு முத்திரை. நடைபாதை ஓரமாக அதை ஒளித்து வைத்துவிட்டு, போய்ச் சேரும் வழியைப் புதிர்போல எழுதி வைக்க வேண்டும். தேடி வருபவர் தன் கொப்பியையும் தன் முத்திரையையும் கையோடு கொண்டு வருவார். பெட்டியின் முத்திரை அவர் கொப்பியில் விழும், அவர் முத்திரை பெட்டியின் கொப்பியில் விழும். பிறகு பெட்டி பழைய இடத்துக்கே போய்விடும்.

இதன் தொடக்கம் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலம். 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளம் எனப்படும் ஒதுக்குப்புறமான சதுப்பில் ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயரட்டையை அதற்குள் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் சொந்த முகவரி எழுதிய தபாலட்டையை விட்டுச் செல்ல, அடுத்து வருபவர் அதை எடுத்துத் தபாலில் சேர்ப்பது வழக்கமானது. 1998-இல் ஸ்மித்சோனியன் சஞ்சிகை இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்ட பிறகு லெட்டர்பாக்ஸிங் எனப்படும் இந்த விளையாட்டு வட அமெரிக்காவில் பரவியது. கையால் வெட்டிய முத்திரை இங்கேதான் அதன் உயிராகியது. 2000-இல் ஜிபிஎஸ் கருவியோடு தேடும் ஜியோகேஷிங் வந்துவிட்டது. தேடிக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி மட்டும் போதும் என்பவர்களுக்கு அது இருக்கிறது, அதற்கு முத்திரை தேவையில்லை. நம்முடைய விளையாட்டில் நடந்து வந்தவர் வீட்டுக்குக் கொண்டு போவது காகிதத்தில் விழுந்த அந்த ஒரு பதிவைத்தான். அது எந்தக் கடையிலும் கிடைக்கிற நட்சத்திரமாக இருந்தால், இரண்டு மணி நேரம் சேற்றில் நடந்தவரை நாம் வெறுங்கையோடு அனுப்பிவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பெட்டிக் கொப்பிகளில் சொந்தப் பெயர் எழுதுவோர் குறைவு. நாமாக வைத்துக்கொண்ட நடைப்பெயர் ஒன்றும் முத்திரையுமே வந்து போனதற்குச் சாட்சி. அங்கே முத்திரைதான் கையெழுத்து. கையெழுத்தின் பெறுமதியை நாம் வாழும் ஊரின் பெயரிலேயே காணலாம். 1961-இல் கர்க்லாண்ட் நகரமானபோது, இப்பகுதியின் கியூபெக் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சார்ல்-எமே கர்க்லாண்டின் பெயரைச் சூட்டினார்கள். அதே ஆண்டு அவர் இறந்துபோக, அந்த இடத்துக்குப் போட்டியிட்டு வென்றவர் அவருடைய மகள் கிளேர் கர்க்லாண்ட்-காஸ்கிரேன். கியூபெக் சட்டமன்றத்துக்குத் தெரிவான முதல் பெண் அவரே. சட்டம் இயற்றப் போன அவர் தலைநகரில் தங்குவதற்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்க முயன்றபோது, கணவரின் கையொப்பம் இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது என்றார்கள். மணமான பெண்ணுக்குத் தனியாக ஒப்பமிடும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கவில்லை. 1964-இல் 16ஆம் இலக்கச் சட்டமூலத்தைக் கொண்டுவந்து அந்த நிலையை மாற்றியவரும் அவர்தான். நம் பாட்டிமாரில் பலர் காணி உறுதியில் பெருவிரலை மையில் ஒற்றி அழுத்தியவர்கள். எழுதத் தெரியாவிட்டாலும் அந்த அடையாளம் அவர்கள் கையிலிருந்து வந்தது, வேறு யாருடையதும் ஆகாது. நம் பெட்டிகளில் விழும் அடையாளமும் அப்படி இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி வேலைக்கு வருவோம்.

முத்திரை கெடுவதற்குப் பெரும்பாலும் படம்தான் காரணம். பழி கத்தியின் மேல் விழும். தொலைபேசியில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இறகையும் ஒவ்வோர் இலை நரம்பையும் வெட்டப் பார்க்கிறோம். நாலு சென்ரிமீற்றர் அகலத்துக்குள் அதற்கு இடமே இல்லை. மை ஒற்றினால் எது கறுப்பாக விழ வேண்டும், எது வெள்ளையாக நிற்க வேண்டும் என்பதை மட்டும் யோசியுங்கள். சாம்பல் நிறம் என்ற ஒன்றை மறந்துவிடுங்கள்.

மாரியிலும் நம்மைவிட்டுப் போகாத சிக்கடீக் குருவியை எடுத்துக்கொள்வோம். தலையில் கறுப்புத் தொப்பி, கழுத்தின் கீழ் கறுப்பு, நடுவில் வெள்ளைக் கன்னம். முத்திரைக்கென்றே பிறந்த பறவை அது. தொப்பியையும் கழுத்துக் கறுப்பையும் தொடாமல் விடுங்கள், கன்னத்தை மட்டும் தோண்டி எடுங்கள். கண் தொப்பிக்குள் மறைந்துபோகும். அது இருக்க வேண்டிய இடத்தில் ஊசிமுனையால் ஒரு குத்துக் குத்தினால் வெள்ளைப் பொட்டாக விழும், குருவி உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சுற்றுக்கோடு வேண்டவே வேண்டாம். வயிற்றின் அடியில் மூன்று நான்கு சிறு கோடுகள் விட்டால் மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே போட்டுக்கொள்ளும். பனைமரமும் அப்படித்தான். ஓலைக்குள் இருக்கும் ஒவ்வொரு மடிப்பையும் வெட்டப் போனால் இறப்பர் சிதைந்துவிடும். விசிறிபோல் விரிந்த வெளிவடிவத்தைக் கறுப்பாக விட்டு, நடுவிலிருந்து விளிம்பு வரை சில வெள்ளைக் கீறல்கள் கொடுத்தால் போதும், ஊர்க்காரர் யாரும் பனை என்று சொல்லிவிடுவார்கள்.

நேரம் கிடைத்தால் மொன்றியல் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய் இனுவிட் கலைஞர்களின் படைப்புகளைப் பாருங்கள். வடக்கே கேப் டோர்செட்டில், இன்றைய கிங்கைட்டில், 1950களின் இறுதியில் கல்லில் வெட்டி அச்சிடும் பட்டறை ஒன்று தொடங்கியது. அங்கே கெனோஜுவாக் அஷெவாக் 1960-இல் உருவாக்கிய "மயக்கும் ஆந்தை" என்ற அச்சுப்படத்தைக் கனடிய அஞ்சல்துறை 1970-இல் தபால்தலையாகவே வெளியிட்டது. தலையைச் சுற்றிக் கதிர்போல நீளும் இறகுகளுக்கிடையே விடப்பட்டிருக்கும் வெற்றுக் காகிதத்தைக் கவனியுங்கள். அந்தப் படம் அசைவதுபோலத் தோன்றுவதற்கு அந்த வெறுமைதான் காரணம். எனக்கு வேறு எந்தப் புத்தகமும் கற்றுத் தராத பாடம் அந்த ஒரு படத்தில் இருந்தது.

பொருளுக்குப் பெரிய செலவில்லை. கலைப்பொருள் கடைகளில் ஸ்பீட்பால் நிறுவனத்தின் இளஞ்சிவப்புச் செதுக்குக் கட்டி கிடைக்கும். தொடங்குவதற்கு நல்ல வெள்ளை அழிறப்பர் ஒன்றே போதும். முதலில் அதைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவித் துடையுங்கள். மேலே இருக்கும் வழுவழுப்புப் போனால்தான் படமும் பிடிக்கும், பிறகு மையும் பிடிக்கும்.

படத்தை இறப்பருக்கு மாற்றும்போது பலர் குழம்பிப் போகிறார்கள். ட்ரேசிங் பேப்பரில் மெதுவான பென்சிலால் படத்தை நேராகவே வரையுங்கள். தாளைக் கவிழ்த்து இறப்பரின் மேல் வைத்து, கரண்டியின் பின்புறத்தால் தேயுங்கள். படம் இடவலம் மாறி இறப்பரில் இறங்கும். அச்சிடும்போது அது மீண்டும் மாறி நேராகிவிடும். ஆகவே முன்கூட்டியே நீங்கள் மாற்றி வரைய வேண்டியதில்லை. மாற்றி வரைந்தால்தான் பிழையாகும். நேரடியாக இறப்பரிலேயே வரைபவர்கள் மட்டும் இடவலம் மாற்றி வரைய வேண்டும். அவர்கள் பக்கத்தில் ஒரு கண்ணாடியை வைத்துச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கத்தி பிடிப்பதில் ஒரு விடயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதித் தொழில் வந்துவிடும். நிற்க வேண்டிய கோட்டின் பக்கச்சுவர் வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். வயல் வரம்பைப்போல மேலே ஒடுங்கி, அடியில் அகன்று நிற்கட்டும். கத்தியை உள்பக்கம் சாய்த்துக் கோட்டின் அடியைக் குடைந்துவிட்டால், முதல் அழுத்தத்தில் கோடு வளையும், பத்தாவது அழுத்தத்தில் பிய்ந்து கையோடு வரும். வி வடிவ அலகு இந்தச் சரிவைத் தானாகவே தரும் என்பதால் தொடங்குபவர்களுக்கு அதுவே நல்லது. ஸ்பீட்பால் பிடியில் மாட்டும் முதலாம் இலக்க அலகு மெல்லிய கோட்டுக்கு. பின்னணியை அள்ளி எடுக்க அகன்ற யு வடிவ அலகு. கூர்மையான சின்னக் கத்தி மூலைகளுக்கு மட்டும்.

வளைவு வரும்போது கையைத் திருப்பாதீர்கள். கத்தி பிடித்த கை அசையாமல் நிற்க, மற்றக் கை இறப்பரைச் சுழற்ற வேண்டும். குருவியின் தலை வளைவு உடைந்து உடைந்து வருகிறதே என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். அப்படிச் சுழற்றிப் பழகினால் ஒரே மூச்சில் வழுவழுவென்று வரும். இறப்பரைப் பிடித்திருக்கும் விரல்கள் எப்போதும் அலகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

எதை முதலில் வெட்டுவது என்பதும் முக்கியம். சின்னதும் உள்ளே இருப்பதும் முதலில், சுற்றுக்கோடு பிறகு, பின்னணி கடைசியில். சுற்றிலும் இறப்பர் முழுதாக இருக்கும்போது அது மெல்லிய கோட்டைத் தாங்கிக்கொள்ளும். பின்னணியை முதலில் அள்ளிவிட்டுப் பிறகு கண்ணையும் மூக்கையும் வெட்டப் போனால் தாங்க ஒன்றும் இராது, எல்லாம் ஆடும்.

ஆழத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இறப்பர்ப் பால் வெட்டியவர்களின் நினைவு வரும். பிரேசிலிலிருந்து 1876-இல் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. பிறகு களுத்துறையிலும் கேகாலையிலும் கடல் கடந்து மலாயாவிலும் எழுந்த இறப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போனவர்களில் பெருந்தொகையினர் தமிழர். அவர்களுடைய கத்தி பட்டையை மட்டும் சீவி, மரம் வளரும் உள்படைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வெளியே நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் புண் விழும், அந்த இடத்தில் பட்டை பழையபடி சீராக வளராது. அரை இருட்டில், மரத்துக்கு மரம், அந்த அளவைக் கண்ணால் அளக்காமல் கையாலேயே அறிந்திருந்தார்கள். இறப்பரின் வரலாற்றை எழுதுபவர்கள் விதை கொண்டுவந்தவரின் பெயரை எழுதுகிறார்கள், இந்தக் கைகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. நமக்கும் அந்த அளவுணர்வுதான் வேண்டும். கோட்டை ஒட்டிய இடத்தில் ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர் ஆழம் போதும். கோட்டை விட்டு விலக விலகப் பின்னணியை இன்னும் ஆழமாக எடுங்கள். மேலோட்டமாக விட்டால் அங்கேயும் மை பட்டு, அச்சில் வேண்டாத கீறல்கள் விழும். கட்டி ஒரு சென்ரிமீற்றர் கனமாவது இருக்கட்டும்.

மை ஒற்றுவதிலும் பலர் அவசரப்படுகிறார்கள். முத்திரையை மைத்தட்டில் அழுத்தாமல், முத்திரையை மல்லாத்தி வைத்து மைத்தட்டால் அதன்மேல் மெல்லத் தட்டுங்கள். மேடுகளில் மட்டும் மை ஏறும். காகிதத்தில் வைத்ததும் முழு உடல் பாரத்தையும் கொடுக்க வேண்டாம். மெதுவான இறப்பர் நசுங்கிக் கோடுகள் தடித்துவிடும். முதல் பதிவைப் பார்த்து எங்கே கறுப்பு மிகுதி என்று குறித்துக்கொண்டு திரும்ப வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது, விட்டதை எப்போதும் வெட்டலாம் என்பதால் சந்தேகம் வந்த இடத்தில் விட்டுவிடுவதே நல்லது.

தமிழ் எழுத்தை வெட்டுவது பற்றி உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1980-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆனைக்கோட்டையில் ஒரு பெருங்கற்கால ஈமக்குழியை அகழ்ந்தபோது சின்ன முத்திரை ஒன்று கிடைத்தது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து. கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணிக்கிறார்கள். விரலளவு இடத்தில் எழுத்தை வெட்டிப் பதிக்கும் வேலை நம் மண்ணில் அவ்வளவு பழையது.

இறப்பரில் தமிழ் கடினம் என்பவர்கள் பெரும்பாலும் எழுத்தை மேடாக விட்டு, சுற்றிலும் தோண்டப் பார்த்தவர்கள். ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் சிறு இடத்தைத் தோண்டும்போது சுழி அறுந்துவிடும். புள்ளியோ சுற்றிலும் துணையில்லாத தனித் துண்டு, அது முதலில் உடையும். இதை மாற்றிச் செய்யுங்கள். பின்னணி முழுவதும் கறுப்பாக நிற்க, எழுத்தை மட்டும் கீறி எடுங்கள். ஏட்டில் எழுதியவர்கள் எழுத்தாணியால் செய்ததும் கோட்டைக் கீறும் வேலையே. அங்கே கீறிய பள்ளத்தில் மை நின்று எழுத்துத் தெரிந்தது. இங்கே பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் விழும், ஆனால் கைக்கு வேலை ஒன்றுதான். வி அலகு ஒரே இழுப்பில் சுழியைச் சுற்றி வரும். புள்ளிக்கு, மை தீர்ந்த பேனாவின் கூட்டைச் செங்குத்தாக வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் வட்டம் சுத்தமாக வெட்டுப்படும், நடுவிலுள்ளதை ஊசியால் நெம்பி எடுத்துவிடலாம். எழுத்தின் உயரம் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைய வேண்டாம். ஒரு முத்திரைக்கு ஒரு சொல், அதுவும் சின்னச் சொல்லாக இருந்தால் நல்லது. பிள்ளையின் பெயரில் முதல் எழுத்து ஒன்றே போதும்.

கத்தி பிடிக்கும் வயது வராத பிள்ளைகளையும் ஒதுக்கி வைக்காதீர்கள். ஊரில் சித்திர வகுப்பில் வெண்டிக்காயையும் உருளைக்கிழங்கையும் வெட்டி அச்சுப் பதித்தவர்கள்தானே நாம். மெல்லிய ஃபோம் தாளைக் கத்தரியால் வெட்டி ஒரு மரக்கட்டையில் ஒட்டினால் அவர்களுக்கும் ஒரு முத்திரை ஆகிவிடும்.

பெட்டியில் வைக்கும்போது ஒரு கவனம். வெள்ளை அழிறப்பர்களைக் காகித உறைக்குள் விற்பதற்குக் காரணம் இருக்கிறது. அவற்றை மெதுவாக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் மற்றப் பிளாஸ்டிக்குகளுக்குள் ஊறி, இரண்டையும் ஒன்றோடொன்று உருக்கி ஒட்டவைத்துவிடும். ஆகவே முத்திரையை நேரே பிளாஸ்டிக் பெட்டியில் போடாமல் ஒரு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மைத்தட்டை வைக்க வேண்டாம். இங்குள்ள குளிரில் உறைந்து, வெயிலில் காய்ந்து ஒன்றுக்கும் உதவாமல் போகும். தேடி வருபவர் கொண்டு வரட்டும்.

இடம் தெரிவுசெய்யும்போது மரப்பொந்தை நம்பாதீர்கள், அதிலும் ஆஷ் மரத்தை. மரகதத் துளைப்பான் வண்டு மொன்றியலில் 2011-இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு தீவெங்கும் அந்த மரங்களைத் தொடர்ந்து வெட்டி வருகிறார்கள். நீங்கள் பெட்டி வைத்த மரம் அடுத்த ஆண்டு நிற்குமா என்று சொல்ல முடியாது. ஆன்ஸ்-ஆ-லோர்ம் காடானாலும், மக்கில் பல்கலைக்கழகத்தின் மோர்கன் மரத்தோட்டமானாலும், நம் தெருமுனைப் பூங்காவானாலும் நிலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள். மண்ணைத் தோண்ட வேண்டாம். பெட்டியின் மூடியில் இது என்ன என்று பிரெஞ்சிலும் எழுதி ஒட்டுங்கள், தற்செயலாகக் கண்டெடுப்பவர் பயப்படாமல் திரும்ப வைத்துவிட்டுப் போவார்.

இலை கொட்டத் தொடங்கிவிட்டது. இனி நேரத்தோடே இருட்டிவிடும் நாட்கள். சமையலறை மேசையில் நல்ல விளக்கொன்றின் கீழ் உட்கார்ந்து வெட்டுவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஏப்ரலில் நிலம் இளகும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முத்திரையாவது தயாராக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். பெட்டிக் கொப்பியின் முதற் பக்கத்தில் அந்த முத்திரையை ஒருமுறை பதித்து, கீழே வெட்டியவரின் நடைப்பெயரை எழுதுங்கள். வெட்டியவர் பிள்ளையாக இருந்தால் வயதையும் எழுதுங்கள். பிள்ளை வெட்டியதை மட்டும் தயவுசெய்து நீங்கள் எடுத்துத் திருத்தாதீர்கள். குருவிக்கு மூன்று கால் இருந்தாலும் அப்படியே பெட்டிக்குள் போகட்டும், நான் நடந்து வந்து அதை என் கொப்பியில் பதித்துக்கொள்வேன்.

அன்புடன்,
கர்க்லாண்டிலிருந்து உங்களில் ஒருவர்